முச்சனேதா எடுத்த கைத்தடி

என் தம்பி மனைவி முச்சனேதா கோழி அறுப்பதைப் பார்க்கக்கூடப் பயப்படுகிறவள். போயும் போயும் அவள்மேல்தான் மழை தரும் மூதாதை இறங்கினார். ஆவிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அன்று திட்டினேன். இன்று திட்டத் துணிவில்லை. சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நடுங்கி, கிழவர் குரலில் மூக்குப்பொடி கேட்டாள். தெளிந்ததும் எதுவும் நினைவில்லை. கைக்குழந்தை மட்டும் அவளைப் பார்த்து வீறிட்டுக்கொண்டிருந்தது.

இறங்கியது மூதாதைதானா என்று ஊர்ப் பெரியவர்கள் சோதனை வைத்தார்கள். மூதாதையின் கைத்தடியை ஊருக்குள் எங்காவது ஒளித்துவைப்பார்கள்; அவளாகப் போய் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் அப்புறம் புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது, மூதாதையின் வாயாக மலையடிக் குடிசையில் தனி வாழ்க்கைதான்.

"நான் தோக்கணும் அண்ணி," என்று என் மடியில் விழுந்து அழுதாள். "பொய்க்காரின்னு ஊரே காறித் துப்பட்டும். அந்த மலை எனக்கு வேணாம்."

தடியை ஒளித்தவர் என் கணவர். நைசாகப் பேசி, கொல்லன் பட்டறையில் இருக்கிறது என்பதைக் கறந்துவிட்டேன். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே என்று அவளிடம் சொன்னேன்.

மறுநாள் கறுப்புத் துணி போர்த்தி, மேளம் முழங்க அவளை நடக்கவிட்டார்கள். கால் பின்ன நடந்தாள். பட்டறைக்கு முதுகைக் காட்டி, நேராக என் சமையல் குடிசைக்குள் நுழைந்து அடுப்போரம் உட்கார்ந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளும் லேசாகச் சிரித்தாள்.

அப்போது அவள் கை தானாக எழுந்து, அடுப்புக்கு மேலே தாழ்ந்திருந்த கூரைப் புல்லுக்குள் நுழைந்தது. தடியோடு வெளியே வந்தது.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். என் வாய் சும்மா இருக்காது என்று விடிவதற்குள் இடத்தை மாற்றியிருக்கிறார், அதுவும் என் தலைக்கு மேலேயே. பெண்கள் குலவையிட்டார்கள். முச்சனேதா என்னையே பார்த்தாள்.

"நீங்கதான் வச்சீங்களா அண்ணி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் செருகிவிட்டது.

அவள் மகள் என்னிடம் வளர்ந்தாள். மழை தவறிய இந்த வருஷம் அந்தப் பிள்ளையையும் மலைக்குக் கூட்டிப்போனேன். ஊரார் எல்லோரையும்போலக் கைதட்டி வணங்கி, பெற்றவளைத் 'தாத்தா' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிள்ளை பயந்துகொண்டே கூப்பிட்டது.

பேத்தி என்று அழைத்து, கிழவர் குரல் ஆசி சொன்னது. மூக்குப்பொடி பிடித்திருந்த கை மட்டும் பிள்ளையின் கன்னத்தை நோக்கி நீண்டது. பாதி வழியிலேயே திரும்பிக் கறுப்புத் துணிக்குள் போய்விட்டது.