ஆறு சட்டையும் அரை மாரடைப்பும்

ஆக்லாந்துக் குளிரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது வீட்டுக்குள் குடியிருக்கிறது என்பதுதான். வெளியே வெயில் அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கால் சிலுவாரும் வெறுங்காலுமாகப் புல் வெட்டிக்கொண்டிருப்பார். உள்ளே நான் வாயைத் திறந்தால் புகை வரும். அந்த ஊரின் ஏவன்டேல் பகுதியில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வீடு முழுக்கப் பலகை. சுவருக்குள் குளிரைத் தடுக்கப் பஞ்சு கிஞ்சு ஒன்றும் கிடையாது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வழியும். பழைய துண்டால் துடைத்துப் பிழிந்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவேன். வெளியே கிளம்பும்போது சட்டையைக் கழற்றுவதும், வீடு திரும்பியதும் சட்டை மேல் சட்டையாக ஏற்றுவதுமான வாழ்க்கையை அதற்கு முன் நான் வாழ்ந்ததில்லை.

பிள்ளைகளின் பள்ளி வருடம் முடிந்ததும் மனைவி அவர்களோடு வருவதாக ஏற்பாடு. அதுவரை நான் மட்டும். மூன்று அறை வீட்டில் ஒன்றில் நான் இருந்தேன். மற்ற இரண்டையும் குளிருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலேசியாவில் சிரம்பானிலிருந்து மனைவியின் போன் வரும்.

"ஸ்னோ கொட்டுதாங்க? பிள்ளைங்க போட்டோ கேக்குதுங்க."

"கொட்டலம்மா."

"கொட்டலயா? அப்புறம் என்னா பெரிய குளிரு?"

"நம்ம பிரிட்ஜுல கீழ்த்தட்டுல கத்திரிக்கா வச்சிருப்பியே, அதுக்கும் ஸ்னோ கொட்டல. அதுகிட்ட போய்க் கேளு."

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு, அடுத்த ஞாயிறுக்கு ஒரு நகைச்சுவை தயார் செய்ய எனக்கு ஒரு வாரம் இருக்கும். வெள்ளை வெளேரென்று பனி கொட்டினால் ஊரே பரிதாபப்படும். ஈரக் காற்றோடு எலும்புக்குள் நுழைகிற குளிருக்கு ஒரு மரியாதையும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்குப் பெண்கள் காலுறையின் அறிமுகம் கிடைத்தது. பதற வேண்டாம். அலுவலகத்தில் ஓய்வு பெறப்போகிற வெள்ளைக்காரர் ஒருவர், மீன் பிடிக்கப் படகில் போகும்போது மனைவியின் நைலான் நீளக் காலுறையை உள்ளே போட்டுக்கொள்வதாகவும், அதற்கு ஈடான கதகதப்பு உலகத்தில் இல்லை என்றும் என் காதில் சொன்னார். சூப்பர்மார்க்கெட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு காசு கட்டப் போனேன். காசாளர் பெண் எதுவும் கேட்கவில்லை. நானாகவே, "என் மனைவிக்கு" என்றேன். அவள் தலையாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். "அவளும் என் உயரம்தான்" என்று சேர்த்துச் சொன்னேன்.

சம்பவம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காலையில் சந்தைக்குப் போய் வந்ததோடு சரி; அதற்குப் பிறகு மனித முகம் பார்க்கவில்லை. மழை ஆரம்பித்தது. நான் உடுத்த ஆரம்பித்தேன். முதலில் பனியன். அதன் மேல் முழுக்கை உள்சட்டை. அதன் மேல் அலுவலகச் சட்டைகள் இரண்டு. கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டை ஒன்று. அதற்கும் மேல், சந்தையில் பழைய துணிக் குவியலில் வாங்கிய, யாரோ ஒரு பருத்த மனிதர் முழங்கையில் தேய்த்துத் தேய்த்துப் போட்டிருந்த ஸ்வெட்டர். கீழே மேற்படி காலுறை, அதன் மேல் இரண்டு முழுக்கால் சிலுவார். இவ்வளவுக்குப் பிறகும் மணிக்கட்டு வழியாகக் குளிர் ஏறுவதாக எனக்குத் தோன்றியது. கொத்தமல்லிக் கட்டிலும் வெங்காயத்தாளிலும் இருந்த ரப்பர் பேண்டுகளை உருவி, இரண்டு கை ஓரத்திலும் சுற்றிச் சுற்றிப் போட்டு இறுக்கினேன். ஹீட்டரை மடியில் வைக்காத குறையாக நாற்காலியில் உட்கார்ந்து, மிளகு ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தேன். சுகமாக இருந்தது. தூங்கிப்போனேன்.

விழித்தபோது இடது கை என்னுடையதாக இல்லை.

தூக்கிப் பார்த்தேன்; வந்தது. விரலைக் கிள்ளினேன், வேறு யாரையோ கிள்ளிய மாதிரி இருந்தது. விரல் நுனியெல்லாம் ஒரு மாதிரி கருநீலம். நெஞ்சில் இறுக்கம். நெற்றியில் வியர்வை, முதுகில் வியர்வை. வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை வருகிற குளிரில் ஒரு மனிதனுக்கு வியர்க்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தானே! கிளினிக்கில் காத்திருக்கும்போது பத்திரிகையில் படித்திருந்தேன்: இடது கை, நெஞ்சு, வியர்வை. மூன்றும் ஆஜர்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற எண் தெரியும். போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் காலுறை ஞாபகத்துக்கு வந்தது. வருகிறவர்கள் கத்தரிக்கோலோடு வருவார்கள். துணியை வெட்டித் திறப்பார்கள். நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற கணக்காளர் ஒருவர் நைலான் காலுறையோடு கண்டெடுக்கப்படுவார். நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்?

எந்த நாலு பேர் என்று யோசித்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை. அவமானப்படுவதற்குக்கூட ஊரில் நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. செவ்வாய், புதன் வரை அலுவலகத்தில் லீவு என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த ஞாயிறு மனைவி போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவளுக்கு இப்போது போன் போடலாம். போட்டால் சிரம்பானில் இரண்டாவது மாரடைப்பு. காலுறையைக் கழற்றிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று குனிந்தேன். ஆறு சட்டை என்னைக் குனிய விடவில்லை.

பயம் அப்போதுதான் உண்மையாக வந்தது. சாவதைப் பற்றிய பயம் கொஞ்சம்தான். செத்தது யாருக்கும் தெரியாமல் இந்த நாற்காலியில் ரசக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பேனே, அந்தப் பயம்.

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் எண், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். சந்தையில் பச்சை மிளகாய்க் குவியலின் முன்னால் நான் எனக்கு நானே பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, அது தமிழ் என்று கண்டுபிடித்தவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. "ஏதும் எண்டால் எடுங்கோ தம்பி" என்று எண் கொடுத்திருந்தார். எனக்கு ஏதும் ஆகவில்லை, அதனால் எடுத்ததில்லை. இப்போது ஆகிவிட்டது. எடுத்தேன்.

"அக்கா, நான்தான். சந்தையில பார்த்தோமே, மலேசியா."

"ஓம் ஓம், சொல்லுங்கோ. என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. தடிமனோ?"

நான் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். போன் வழியாக இதெல்லாம் தெரிகிறதா?

"ஆமாக்கா. ரொம்பத் தடிமன். குனியக்கூட முடியல."

"தடிமனுக்கு ஏன் குனிய ஏலாது?"

"ஆறு சட்டை போட்டிருக்கேன்க்கா."



"தம்பி, நான் உங்கட மூக்கைக் கேட்டனான். சளி பிடிச்சிருக்கோ எண்டு."

"மூக்கு நல்லாருக்குக்கா. இதயம்தான் போயிடுச்சு."

கை, நெஞ்சு, வியர்வை மூன்றையும் ஒப்பித்தேன். அவர் குரல் மாறிவிட்டது. "கதவைத் திறந்துபோட்டு இருங்கோ. இப்ப வாறம்" என்றார். 'வாறம்' என்ற அந்தப் பன்மை எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குடையில்லாமல் ஓடி வந்தார்கள். அக்கா வந்ததும் வராததுமாக என் இடது கையைப் பிடித்து, நாடி பார்க்க மணிக்கட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. ஸ்வெட்டரைத் தள்ளினார், கம்பளி. கம்பளியைத் தள்ளினார், சட்டை.

"இதென்ன, வெங்காயமோ?" என்றார்.

பிறகு ரப்பர் பேண்டுகளைக் கண்டார். ஒன்றொன்றாக உருவினார். தோலில் பள்ளம் விழுந்திருந்தது. கடைசி ஒன்று போனதும் விரல்களுக்குள் எறும்புக் கூட்டம் ஓடியது. கை என்னிடம் திரும்பி வந்தது.

"மற்றக் கைக்கு ஒண்டும் இல்லையே?"

காட்டினேன். வலது கையிலும் ரப்பர் இருந்தது, ஆனால் தொளதொளவென்று. வலது கையால் இடது கையைக் கட்டியபோது பலம் இருந்தது. இடது கையால் வலதைக் கட்டியபோது இல்லை. அவ்வளவுதான் என் மாரடைப்பு.

அப்படியும் அக்கா விடவில்லை. ஹீட்டரை அணைத்து, என்னை உரித்து, நாடி பார்த்தார். அவர் விரல்கள் மழையில் நனைந்து சில்லிட்டிருந்தன. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து, கைகுலுக்கலைத் தவிர, என்னை ஒருவர் தொடுவது அதுதான் முதல் தடவை என்று அப்போது திடீரென்று தெரிந்தது. கண் கலங்கிவிடுமோ என்று பயந்து வாயைத் திறந்தேன்.

"அக்கா, எங்க குடும்பமே எஸ்டேட்ல ரப்பர் வெட்டித்தான் பிழைச்சது. கடைசில என்னையே ரப்பர் வெட்டப் பார்த்துச்சு."

வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "பகிடி விடாதேங்கோ. காலைக் காட்டுங்கோ, அங்கையும் கட்டி வச்சிருக்கிறியளோ பாப்பம்."

"கால் ரொம்ப நல்லாருக்குக்கா."

"சிலுவாரையோ என்னத்தையோ, கொஞ்சம் உயர்த்துங்கோ."

"வேணாக்கா. சத்தியமா நல்லாருக்கு."

என் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரருக்கு என்ன புரிந்ததோ, "நீர் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணியை வையும், நான் பாக்கிறன்" என்று அக்காவை அடுப்படிக்கு அனுப்பினார். ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்த்தார். நைலான் பளபளத்தது. குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தோல் நிறத்தில வாங்காதேங்கோ. கறுப்பு வாங்குங்கோ. பென்ரோஸ் வேர்ஹவுஸில வேலை செய்யிற நாங்கள் அரைவாசிப் பேர் அதுதான் போடுறனாங்கள்."

தேநீர் குடித்தோம். அக்கா தன் அண்ணன் மகன் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்காரர் மறுபடி ரப்பரை நினைத்து நினைத்துச் சிரித்தார். அறைக்குள் மூன்று பேருடைய மூச்சும் புகையாக எழுந்து ஒன்றாகக் கலந்தது. பிறகு வீட்டுக்காரருக்கு அதிகாலை வேலை என்று எழுந்தார்கள். "நாளைக்கு எடுத்து, கை எப்படி எண்டு சொல்லுங்கோ" என்றார் அக்கா. கதவைச் சாத்தினேன். வீடு முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டேன்.

"அக்கா, கை நல்லா இருக்கு."

"விறைப்பு ஒண்டும் இல்லையோ?"

கையை மூடித் திறந்து பார்த்தேன். ஒரு விரலாவது கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா? ஐந்தும் அமோகமாக இருந்தன.

"இல்லக்கா."

"நெஞ்சு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"நல்லது. அப்ப சுகம்தானே?"

"ஆமாக்கா, சுகம்தான்."

முந்தின நாள் சாகப்போகிறோம் என்று பதறியவன், இப்போது ஒரு நோயும் இல்லையே என்று பதறினேன். முதுகு? முட்டி? மூக்காவது ஒழுகுகிறதா என்று உறிஞ்சிப் பார்த்தேன். சுத்தம். அக்காவும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பின்னால் அவர் வீட்டில் எதையோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"சரி தம்பி, கறி அடிப்பிடிக்குது. வைக்கட்டோ?"

"வைங்கக்கா."

அவர் வைத்துவிட்டார். நான் உடனே வைக்கவில்லை. காது பட்ட இடத்தில் ரிசீவர் கொஞ்சம் சூடாக இருந்தது.