ஓட்டைக் கேரியரும் ஒரு பின் அறையும்

பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள் எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நான் செய்யும் பொருள்களையும் அப்படியே தட்டிப் பார்க்கிறார்கள், என் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செஞ்சி பஜாரில் எங்கள் கடை. பழைய பித்தளை, செம்பை எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்போம். வந்த பழசெல்லாம் உருக்கப் போய்விடும். போவதற்கு முன் நாலைந்தை எடுத்துப் பின் அறையில் ஒளித்து வைத்துக்கொள்வேன். கல்யாணத்துக்கு முன் ஓவியக் கல்லூரியில் படித்தவள் நான். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சாமான்களை ஒட்டவைத்து, கனவில் வருகிற மாதிரி எதையாவது செய்வேன். கல்லூரியில் இதற்கு சர்ரியலிசம் என்று பெயர். புத்தகத் தமிழில் மீயதார்த்தம். எங்கள் தெருவில், "இன்னாது இது?"

யாருக்கும் காட்டாமல் கவிதை எழுதுகிறவர்கள், பீரோ நிறையத் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்கள், "இதால இன்னா பிரயோஜனம்?" என்ற கேள்வியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குடத்துக்குக் கதவு

நான் செய்ததில் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு பித்தளைக் குடம். அதன் வயிற்றில் சதுரமாக வெட்டி, சின்ன மரக் கதவு ஒன்றைப் பொருத்தி, கீல், தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் போட்டிருந்தேன். யாரோ உள்ளே குடியிருக்கிற மாதிரி இருக்கும். பெருமை தாங்காமல் அதைக் கடையின் முன் அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

அனந்தபுரத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க ஓர் அம்மா வந்தார். அண்டா, தவலை எல்லாம் எடுத்து முடித்தபின் குடத்தின் முன்னால் நின்றுவிட்டார். சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார், தட்டினார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். ஒரு ரசிகை கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த அம்மா நிமிர்ந்து கேட்டார்:

"கதவு நல்லாத்தான் கீது. அவசரத்துக்குத் தண்ணி மொள்ளணும்னா யாராண்ட போயி சாவி கேக்கறது?"

கெடு

ஆடி மாதத்தில் எங்க வீட்டுக்காரர் பின் அறைக்குள் வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார். கதவு வைத்த குடம், பல் முளைத்த பூரிக்கட்டை, இரண்டு தட்டிலும் தலையணை வைத்த தராசு. நல்ல மனிதர், கத்தமாட்டார். வாடகைக்கு விடப் பிளாஸ்டிக் நாற்காலி இறக்கப் போவதாகவும், அடுக்கி வைக்க இந்த அறை வேண்டும் என்றும் சொன்னார். நான் முடியாது என்றேன். அந்த ஒரு அறையில்தான் நான் யாருடைய மனைவியும் மருமகளும் இல்லாமல் நானாக இருக்கிறேன். அதைக் கேட்டால் எப்படிக் கொடுப்பது?

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். கெடு வைத்தவர் அவர்:

"தை பொறக்கறதுக்குள்ள நம்ம சொந்தக்காரங்க இல்லாத ஒருத்தர் ஒண்ணே ஒண்ண எடுத்துக்கினு போவட்டும், ரூமு உன்து. ஆனா எடுத்துக்கினு போனவங்க திருப்பிக் கொணாந்து வெச்சிடக் கூடாது."

அமாவாசை பஸ்

அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு எங்கள் கடை வாசலில்தான் கூட்டம் நிற்கும். அன்று ஒரு முக்காலிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துக் காய்வதற்காக வாசலோரம் வைத்திருந்தேன். சும்மா முக்காலி இல்லை. அதைச் சுற்றிப் பதினாறு கரண்டிகளைக் கைகள் மாதிரி விரித்துப் பற்றவைத்திருந்தேன். உட்கார்ந்தால் நாலா பக்கமும் பரிமாறும் முக்காலி. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒவ்வொரு கரண்டியிலும் குங்குமம். நாலைந்தில் எலுமிச்சம்பழம் வேறு வைத்திருந்தது. முன்னால் சூடம் எரிகிறது. எங்க வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்! அவரை முறைத்துவிட்டு, கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் இது சாமி இல்லை, நான் செய்த முக்காலி என்று சொன்னேன். அந்தப் பெண் பஸ்ஸில் ஏறப் போகிற அவசரத்திலும் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்:

"யாரா இருந்தா இன்னா கண்ணு, இத்தினி கை இருக்குதே, ஒண்ணாவது நம்ம பக்கம் நீளாதா?"

கோட்டை பார்க்க வந்தவர்

கார்த்திகையில் ஒருவர் வந்தார். கோட்டை ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. சென்னைக்காரர். பழம்பொருள் சேகரிப்பவராம், வீட்டு மாடி முழுக்கக் குடமாம். கதவு வைத்த குடத்தைப் பார்த்ததும் கண் மின்னியது. கையில் எடுத்து, சுத்தியல் அடித்த தடத்தைத் தடவிப் பார்த்து, "இந்த மாதிரி கைவேலை இப்போ எங்கே கிடைக்குது!" என்று உருகினார். எங்க வீட்டுக்காரர் காபிக்கு ஆள் அனுப்பிவிட்டார். நானும் அறை கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

குடத்தைத்தான் அவர் புகழ்ந்திருக்கிறார். கதவைக் கழற்றிவிட்டு, வெட்டின இடத்தை அடைத்துத் தர முடியுமா என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் கைக்கு ஸ்குரூடிரைவர் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் குடத்தை வாங்கி அலமாரியில் வைத்தேன். தை பிறக்க ஒரு மாதம் சொச்சம்தான் இருந்தது, ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். கதவு இல்லாத குடம் செய்ய ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர் காபியைக் குடித்துவிட்டு வருத்தத்தோடு எழுந்தார்:

"எதுக்கும் மனசு மாறினா சொல்லுங்க. கதவை நீங்களே வெச்சுக்கலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

பாய் செய்த உபகாரம்

மார்கழி நடுவில் புதுச்சேரியிலிருந்து மாலதி அம்மா போன் செய்தார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் சேகரிப்பது வேலைக்காகாத பொருள்களை மட்டும். படியில்லாத ஏணி, மை போகாத பேனா என்று வீடு நிறைய வைத்திருக்கிறாராம். நான் இணையத்தில் போட்ட படங்களில் ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டது. அது ஐந்தடுக்குப் பித்தளை டிபன் கேரியர். ஐந்து அடுக்குக்கும் அடியை வெட்டி எடுத்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் நேராகத் தரை தெரியும். 'பசி' என்று பெயர் வைத்திருந்தேன். நேரில் வந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கேரியரின் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடை பாஷா பாயிடம் கொடுத்தேன். ஈயம் பூசுவது, ஓட்டை அடைப்பது அவர் தொழில். அவர் கை பட்ட பாத்திரம் ஒழுகாது என்று சுற்றுவட்டாரமே சொல்லும். மாலதி அம்மா வருகிற அன்று காலை பாய் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். கொக்கி கச்சிதம். திறந்து பார்த்தேன். ஐந்து அடுக்குக்கும் புது அடி போட்டு, பளபளவென்று ஈயமும் பூசியிருந்தார்! எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாயைத் திறக்குமுன் அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை சந்தோஷமாக இருந்தார்:

"அஞ்சும் ஓட்டை தங்கச்சி! உன்ன எவனோ நல்லா ஏமாத்திட்டான். உடு, காசு கீசு வாணாம்."

ஐந்தாவது அடுக்கு

மாலதி அம்மா பதினொரு மணிக்கு வந்தார். கேரியரைத் திறந்தார். ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "இதில் சாப்பாடு கொண்டுபோகலாமே" என்றார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய வசவு இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் வாசலில் நின்று நாற்காலிக்காரருக்குப் போன் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கேரியரோடு நேராகப் பாயிடம் போனேன். அவர் வைத்த அடியையெல்லாம் எடுக்கச் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு நான் சொன்னது புரிந்து முகம் வாடிப்போயிற்று. கேரியரை எங்கள் கடை வாசலுக்கே எடுத்துவந்து, அடுப்பை மூட்டி, ஈயத்தை இளக்கி, ஒவ்வொரு அடியாகத் தட்டிக் கழற்றினார். ஒவ்வொரு தட்டுக்கும் அவருக்கு வலித்தது. நான்கு போயிற்று. கீழ் அடுக்கைக் கையில் எடுத்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார். "இது ஒண்ணு இருக்கட்டும் தங்கச்சி. அவ்ளோ தூரம் போவுது, ஒரு வாய் சோறாவது நிக்க வாணாமா?" என்றார்.

அடுக்கிப் பார்த்தோம். மேலிருந்து குனிந்தால் இருட்டு, இருட்டு, இருட்டு, அதற்கும் கீழே புது ஈயத்தில் மங்கலாக நம் முகமே தெரிந்தது. என் தரையைவிட இது நன்றாக இருந்தது. எனக்குத் தோன்றாமல் பாய்க்குத் தோன்றிவிட்டதே என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, அப்புறம் சந்தோஷமாகிவிட்டது. மாலதி அம்மா வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பேக் பண்ணிடுங்க" என்றார். எங்க வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ரூமு உன்துதான்" என்று என் காதோரம் சொன்னார்.

எங்கள் கடையிலிருந்து போகிற பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். என் பெயரை வெட்டிவிட்டு, பக்கத்தில் பாஷா என்று வெட்ட மெஷினை வைத்தேன். பாய் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"ஐயோ, என் பேரு வாணாம் தங்கச்சி! பாஷா நாலு ஓட்டைய அப்பிடியே உட்டு அனுப்ச்சிட்டான்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் எங்கிட்ட பாத்திரம் குடுப்பான்?"

ஆகவே என் கட்சிக்காரர்களே, ஒரு பொருளை வேலைக்காகாமல் பண்ணுவது அரை நாள் வேலைதான், அதைச் சரிசெய்து கொடுத்துவிடாமல் ஊரைத் தடுத்து நிறுத்துவதற்குத்தான் ஓவியக் கல்லூரியில் பாடமே இல்லை.