நாகரத்தினம் அனுப்பிய அளவுச் சட்டை

நாகரத்தினத்தைக் கோபக்காரி என்று சொல்லாத ஆள் எங்கள் கிடர்பூர் குவார்ட்டர்ஸில் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டு விஷயத்தில் அவள் தலையில் மட்டும் பழியைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த வீட்டுக்காரி நான். கூடவே இருந்து பார்த்தவள்.

ஆம்பூரிலிருந்து கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவள். மீன்காரனோடு சண்டையை வங்காளியில் ஆரம்பித்து ஆம்பூர்த் தமிழில் முடிப்பாள். ரேஷன் கடை வரிசையில் அவள் நின்றால் அன்றைக்குத் தராசு நேராக நிற்கும். அவள் வாய்க்குப் பயந்து கடைக்காரன் சரியாக நிறுத்ததில் அரிசி கூடுதலாக வாங்கி வந்தவர்கள்தான் பின்னால் அவளைப் பேசுகிறவர்கள்.

புருஷன் கலியன் நேர் எதிர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். கப்பல் ரிப்பேர் கம்பெனியில் ஃபிட்டர். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆரம்பித்த கம்பெனி அது. துரைமார்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள், அவர்கள் விட்டுப்போன பைப் பேண்டு மட்டும் போகவில்லை. வருஷா வருஷம் கம்பெனி ஆரம்பித்த நாளன்று, ஃபிட்டர்களும் பெயிண்டர்களும் முழங்கால் வரை வரும் கட்டம் போட்ட மடிப்புக் கில்டைக் கட்டிக்கொண்டு, அக்குளில் பையை இடுக்கி ஊதிக்கொண்டு, கேட்டிலிருந்து கப்பல் நிற்கும் டாக் வரை போவார்கள். கலியன் இரண்டாம் வரிசையில் ஊதுவார். அந்த உடுப்பு பேண்டு ரூமிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது.

எழுபத்து நாலில் பேண்டு லீடர் ரிடையர் ஆனார். அடுத்த லீடர் கலியன் என்று முடிவானது. அதைச் சொன்ன அன்றைக்கு அந்த மனிதர் என் வீட்டு வாசலில் நின்று, "அலமும்மா, நான்தான் முன்னால போறேன்" என்றார். அவர் தானாக என்னிடம் வந்து பேசியது அதுதான் முதல் தடவை. பழைய லீடர் மலை மாதிரி ஆள். அவருடைய கோட்டுக்குள் இரண்டு கலியன் போகலாம். அதனால் வெள்ளிப் பட்டன் வைத்த புதுக் கோட்டு, வடக்கே பேண்டு உடுப்பு தைக்கும் ஒரு கடைக்குத் தபாலில் ஆர்டர் போக வேண்டும். அளவு கொடு என்று ஆபீஸர் பார்த்தசாரதி கேட்டார்.

கலியன் வீட்டில் வந்து சொன்னார். நாகரத்தினம் பெட்டியைத் திறந்து, அவருக்குக் கச்சிதமாக இருக்கும் வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினாள். நம்மில் யார்தான் அப்படிச் செய்யமாட்டார்கள்? தையல்காரனுக்கு அளவு என்றால் அளவு ரவிக்கை, அளவுச் சட்டை. டேப்பை வைத்து உடம்பை அளக்க விட்டவள் யார்? நானாக இருந்தாலும் சட்டையைத்தான் அனுப்பியிருப்பேன்.

கோட்டு வந்தது. தோள் ஒட்டவைத்தது போல, மார்பு அளவெடுத்தது போல, கை மணிக்கட்டில் சரியாக. ஆனால் நீளமும் சட்டை நீளம். கில்டுக்குப் போடுகிற கோட்டு இடுப்போடு நின்றுவிட வேண்டும். இதுவோ தொடை வரை தொங்கியது. கீழே கில்ட் நாலு விரல்தான் தெரிந்ததாம். பேண்டு ரூமில் ஒரே சிரிப்பு. "என்னய்யா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஷெர்வானி போட்டுண்டு வந்திருக்கே?" என்று பார்த்தசாரதியே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, பழைய கோட்டு பெயிண்டர் துரைசாமிக்குப் பொருந்துகிறது, அவனே முன்னால் போகட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஊர்வலத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

சாப்பிடும்போது கலியன் இதைச் சொன்னார். பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மறுநாள் காலையில் நாகரத்தினம் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

"சட்டையை யாரும்மா அனுப்பச் சொன்னா? அளவுன்னா இன்ச் கணக்குல எழுதிக் குடுக்கணும். இதுகூடத் தெரியாதா?" என்றார் பார்த்தசாரதி.

"எனக்குத் தெரியாது சார், நான் அடுப்படியில கெடக்கறவ. நீங்க படிச்சவரு. அந்தச் சட்டை உங்க மேசை மேல வந்துச்சா இல்லையா? கோட்டுக்குச் சட்டை எதுக்குன்னு உங்களுக்கு ஏன் கேக்கத் தோணல? பார்சல் கட்டி அனுப்பும்போது கண்ணு எங்க போச்சு?"

அந்த இடத்தில் நான் கைதட்டாததுதான் பாக்கி. வருஷம் தவறாமல் அந்த பேண்டைக் கிட்ட நின்று பார்க்கிற மனிதர், சட்டையைப் பார்சலில் போட்டு அனுப்பிவிட்டு, கோட்டு வந்ததும் சிரிக்கிறார். சிரிக்க அவருக்கு என்ன யோக்யதை?

பார்த்தசாரதி பேனாவை மூடினார், திறந்தார். "சரிம்மா, கத்தாதே. நாளைக்குக் காலம்பற கோட்டைச் சரி பண்ணிண்டு வந்தா அவரே முன்னாடி போகட்டும். இல்லேன்னா துரைசாமிதான்."

ஜெயித்த முகத்தோடு அங்கிருந்தே, தையல்காரர்கள் இருக்கும் மேட்டியாபுருஜ் பக்கம் ஒரு தர்ஜியிடம் போனோம். வயதான மனிதர். கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல தையல், கீழே வெட்டி மடித்தால் போதும், ஒரு மணி நேர வேலை என்றார். பிறகு நாகரத்தினத்தைப் பார்த்து, "கில்ட் அவருக்கு எங்கே நிற்கும் அம்மா? தொப்புளுக்கு மேலா, கீழா?" என்று கேட்டார்.

நாகரத்தினம் கோட்டைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "லுங்கி கட்டற எடத்துலதான்" என்றாள் கடைசியில், அரைகுறை வங்காளியில்.

"லுங்கி வேறு, அது வேறு. நீங்கள் பார்த்ததில்லையா?"

நாகரத்தினம் என்னைப் பார்த்தாள். நான் கடைக் கூரையைப் பார்த்தேன். வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது, ஆளைக் கில்டோடு கூட்டி வாருங்கள், கடை ராத்திரி வரை திறந்திருக்கும் என்று தர்ஜி கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் கலியன் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பேண்டு ரூமுக்குப் போயி அதைக் கட்டிக்கிட்டு வா. தர்ஜி பாக்கணுமாம்" என்றாள் நாகரத்தினம்.

"வரமாட்டேன்."

"கோட்டை வெட்ட வேணாமா? நீதானே முன்னால போவணும்?"

"வரமாட்டேன்னு சொல்றேன் இல்ல!"

கலியன் கத்தி நான் கேட்டதே இல்லை. மாடிப் படியில் நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேண்டுல சேந்த வருசம், ஊர்வலம் முடிஞ்சதும் அப்படியே ஓடி வந்தேன், ஒனக்குக் காட்டணும்னு. நீ இன்னா பண்ணே? பொம்பள மாரி பாவாடை கட்டிக்கினு வந்திருக்கான்னு கதவைச் சாத்திட்டே. ஜன்னல் வழியா லுங்கியைத் தூக்கிப் போட்டே. இந்தப் படியில நின்னுக்கினு மாத்திக்கிட்டேன், அத்தினி பேரும் பாக்க. அப்புறம் ஒரு வருசமாச்சும் வந்து பாத்தியா? பாத்திருந்தா சட்டையை அனுப்பியிருப்பியா?"

"ஜனங்க சிரிச்சாங்கன்னு…"

"ஜனங்க சிரிச்சதை நான் மறந்துட்டேன். ஆபீஸர் சிரிச்சதும் போவட்டும். இப்ப லீடர் பொண்டாட்டின்னு சொல்லிக்கணும், அதுக்குத்தானே பறக்கறே? கோட்டுல கத்திரி படக் கூடாது. துரைசாமி போவட்டும். பாக்கணும்னா எல்லாரும் நிக்கற எடத்துல வந்து நின்னு பாரு."

எனக்கு அவர் மேலும் கோபம்தான். இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்துவிட்டு, முன்னால் நடந்து காட்ட வேண்டிய நேரத்தில் போய் அதைத் திறப்பார்களா? ஒரு மணி நேரத் தையல் வேலை அது. யாருக்கு நஷ்டம்? ஆனால் நாகரத்தினம் கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவளே வந்து என் கதவைத் தட்டினாள். கேட்டுக்கு எதிரே கூட்டம். முழங்கையால் இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். பேண்டு வந்தது. துரைசாமி முன்னால் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே கில்ட், காலில் ஒரே வெள்ளை உறை. ஊதி ஊதிக் கன்னம் உப்பி, எல்லா முகமும் ஒன்றாகத்தான் இருந்தது.

நாகரத்தினம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எது அலமு?"

"எதுன்னா?"

"எங்க வூட்டுக்காரரு எதுன்னு கேக்கறேன்டி! சொல்லித் தொலையேன்!"

இரண்டாம் வரிசை, இடது ஓரம் என்று கை காட்டினேன். அதற்குள் அந்த வரிசை டாக் பக்கம் திரும்பிவிட்டது. அவளுக்குத் தெரிந்தது ஒரு முதுகு. என் கையை உதறினாள். வழியில் நின்றவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு பேண்டுக்குப் பக்கவாட்டில் ஓடினாள். ஏதோ கத்தினாள். பைப் சத்தத்தில் அவள் குரல் எனக்கே கேட்கவில்லை.