பணிஸ் அலுமாரிக்குள் ஒரு படங்கு

புசல்லாவைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து நூதனசாலையில் காட்சிக்கு இருக்கும் பழைய சாமான்களில் ஒன்றின் கதை மட்டும் பொய். அதைக் கொண்டுபோய் வைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கூச்சமெல்லாம் இல்லை, இப்போதும் இல்லை.

தொழிலாளர் லய வரிசையில் ஆளில்லாமல் கிடந்த ஓர் ஒற்றையறைக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்து, நூதனசாலை என்று பலகை மாட்டியவர் எங்கள் டீச்சர். கண்டி டவுனிலிருந்து பஸ்ஸில் வருபவர். "வீட்டுக்கொரு பழைய சாமான் கொண்டாங்க பிள்ளைங்களா, நம்ம கதைய நாமதான் சொல்லணும்" என்றார். கொடுக்கும் வீட்டின் பெயரைச் சுவரில் எழுதுவார்களாம். அந்தச் சுவரில் எங்கள் வீட்டுப் பெயர் இல்லாமல் போவதா?

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு தப்பு மேளம் போனது. எதிர் லயத்திலிருந்து பித்தளைச் செம்பு போனது. எங்கள் வீட்டில் பழையது என்று சொல்ல அப்பாவின் கோபத்தைத் தவிர எதுவும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம், கொடியில் அம்மாவின் படங்கு காய்வது கண்ணில் பட்டது. கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல், பனி நனைக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கு. சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

"எங்க கொள்ளுப்பாட்டி கட்டினது டீச்சர். கப்பல்ல வந்து மொதமொதல்ல கட்டினது."

டீச்சர் அதைத் தொட்டுக் கும்பிடாத குறைதான். "நூறு வருசத்துக் கறை" என்று தடவிப் பார்த்தார். முந்தாநாள் கறை அது.

வீட்டில் அம்மா கொடியடியில் தேடிக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு படங்குதான்.

"காத்து தூக்கிட்டுப் போயிருக்கும்மா."

"கிளிப்பு போட்டிருந்தேனேடி?"

"கிளிப்போட போயிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்குத் தோட்டமே திரண்டது. புசல்லாவைக் கடையொன்று தானம் கொடுத்த பழைய பணிஸ் அலுமாரிக்குள், பன் அடுக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், படங்கை மடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை: 'அந்தக் காலத்தில் நம் பெண்கள் கட்டியது.' சுவரில் எங்கள் வீட்டுப் பெயர் இரண்டாவதாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்தேன்.

அப்போதுதான் படங்கின் மூலையில் அந்த ஒட்டு தெரிந்தது. போன வருடம் எனக்குச் சின்னதாகிப்போன பள்ளிக்கூடக் கவுனில் வெட்டி அம்மா வைத்துத் தைத்த வெள்ளைத் துண்டு. என் பேனா கக்கிய நீல மை உட்பட அப்படியே இருந்தது. கொள்ளுப்பாட்டி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள் என்று யாராவது கேட்டால் தொலைந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள்.

"பாத்தீங்களாக்கா? ஒங்க வீட்டுக் கொள்ளுப்பாட்டியோடது. மகதான் கொண்டாந்து குடுத்தா" என்றார் டீச்சர்.

அம்மா அலுமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவரில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கொஞ்சம் தொறக்கிறீங்களா டீச்சர்? மடிப்பு சரியில்ல."

கையை உள்ளே விட்டு, ஒட்டு இருந்த மூலையை அடியில் மடித்துச் செருகி, மேலே ஒருமுறை நீவிவிட்டாள். அம்மாவுக்கு எங்கே போனாலும் துணி மடிக்கிற பைத்தியம் உண்டு. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

"அவங்களப் பத்தி ஏதாச்சும் தெரியுமாக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"நல்லா ஒழைச்ச பொம்பள டீச்சர்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலையில் ஓர் உரப்பையைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். மாலையில் முழங்கால்வரை நனைந்து, தொடையெல்லாம் கீறலோடு வந்தாள். உரப்பையைக் கொடியில் போட்டு இரண்டு கிளிப்பு மாட்டினாள்.

அன்று படுக்கும்போது எனக்குச் சிரிப்பாக வந்தது. தினமும் கட்டுகிற படங்கைக் கண்ணெதிரே வைத்தும் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லையே என்று கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.