துரையிடம் நான் சொன்ன இங்கிலீஷ்

ராயபுரத்தில் எங்கள் குப்பத்திலேயே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது ஒன்பது வயதில் என் திடமான நம்பிக்கை. பாதிரியார் பள்ளியில் டீச்சர் அந்த வாரம்தான் ‘லாஸ்ட்’ கற்றுக்கொடுத்திருந்தார். எதையாவது தொலைத்தால் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். டீச்சர் தேடித் தருவார். இவ்வளவு நல்ல வார்த்தையைச் சும்மா விடுவேனா? ரிப்பன் லாஸ்ட், சீப்பு லாஸ்ட் என்று வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கினேன். தேடி எடுத்துக்கொடுத்தே சித்திக்கு இடுப்பு ஒடிந்தது.

வெள்ளைக்காரர்கள் இன்னும் போகாத காலம். சனிக்கிழமை கட்டுமரத்தில் போன சித்தப்பா ஞாயிறு காலை வரை திரும்பவில்லை. துறைமுகத்து மோட்டார் படகு போய்த் தேடினால்தான் உண்டு. சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துறைமுக ஆபீசுக்கு ஓடினாள். விடுமுறை நாளாதலால் குமாஸ்தா யாரும் இல்லை. ஒரு துரை மட்டும் இருந்தார்.

“சித்தப்பா தொலைஞ்சு பூட்டாருன்னு சொல்றேன் சித்தி.”

சித்தி சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கடலுக்குப் போனவரைப் பற்றி அந்த வார்த்தையை எங்கள் குப்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கடல் ஆளை வைத்துக்கொள்ளுமாம். எத்தனை நாளானாலும் ‘வந்துகினு கீறாரு’ என்பதுதான் பேச்சு.

“வந்துகினு கீறாரு, கொஞ்சம் எதுருல போய்ப் பாருங்கன்னு சொல்லுடி” என்றாள்.

வந்துகொண்டிருக்கிற ஆளுக்கு எந்தத் துரை படகு அனுப்புவார்? நான் நிமிர்ந்து நின்று, கடல் பக்கம் கையைக் காட்டி, பள்ளியில் சொல்வதுபோலவே கணீரென்று சொன்னேன். “அங்கிள் லாஸ்ட், சார்!”

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னாடி சொன்ன?” என்றாள் சித்தி.

“நீ சொன்னதத்தான்.”

சாயங்காலம், எண்ணூருக்கு அப்பால் கவிழ்ந்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரைப் படகு கொண்டுவந்து சேர்த்தது. சித்தி அழவில்லை, உப்பு பூத்த அவர் முகத்தைத் துடைத்தபடியே வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சோறு போடும்போது பெரிய மீன் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “தொரைகிட்ட சொன்னியே, அத இனிமே நம்ம வூட்ல சொல்லாத.”

இங்கிலீஷ் தெரியாதவளுக்கு அது எப்படிப் புரிந்தது என்றுதான் அன்றெல்லாம் யோசித்தேன். புரிந்திருந்தும் துரை முன்னால் இரண்டாவது முறை என் வாயை ஏன் பொத்தவில்லை என்று யோசிக்கத் தெரியவில்லை.