அட்டைக்குப் பின்னால் ஆடியவள்

"சித்தப்பா, என் வீடியோவ ஊமையாக்கினது நீங்களா?"

சித்தப்பா சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூலைக் கோத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என்ன பாட்டு?"

அண்ணன் மகள் பாட்டின் பெயரைச் சொன்னாள்.

"வேகத்தக் கூட்டி வச்சிருந்தியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? பாடினவருக்கே அடையாளம் தெரியாது. நடுவுல ஒரு பொண்ணு தும்முதே, அதுவா?"

"அதேதான்."

"அப்ப நான்தான்."

"ஆடறது நான்னு கூடவா தெரியல?"

"ஆடறத யாரு பாத்தா?"

சமையலறையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "ஊர்ப் பிள்ளைங்க வாயையெல்லாம் அடைச்சு முடிச்சாச்சு. சொந்த வீடுதான் பாக்கி இருந்துச்சு."

ஆடுவதைப் பார்க்கவில்லை என்று சித்தப்பா சொன்னதில் பொய் இல்லை. பாட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது வருடமாக அவருக்குக் காதுதான் வேலை. முன்பு கேசட்டில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டார். இப்போது குட்டி வீடியோக்களைக் கேட்கிறார். வீடியோ செயலியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கும் பேச்சும் முறிந்ததும், நிறுவனம் தன் பாட்டுகளையெல்லாம் அங்கிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது. அப்படியே போட்ட பாட்டை இயந்திரம் பிடித்துவிடும். வேகம் மாற்றியதும், கூச்சலில் கலந்ததும் சித்தப்பாவிடம் வந்து சேரும். 'நம்முடையது' என்று ஒரு பொத்தான், 'இல்லை' என்று ஒரு பொத்தான். முதலாவதை அழுத்தினால் வீடியோவின் சத்தம் போய்விடும்.

திரையில் படம் தெரியும் பாதியை அவர் காலண்டர் அட்டையால் மறைத்திருந்தார். இந்த வேலைக்கு மாற்றிய முதல் வாரம், குழந்தைகள் ஆடுவதைப் பார்த்து மூன்று முறை அவர் கை 'இல்லை' பக்கம் போய்விட்டது. அடுத்த வாரம் அட்டை வந்தது.

அவளுக்கு அந்த ஒரு வீடியோதான் விளம்பரம். வாடகைக் கூடத்தில் நடனம் கற்றுக்கொடுத்தாள். மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் கூடம் கராத்தே மாஸ்டருக்கு. இதுவரை ஐந்து பேர்.

"இன்னொரு தடவை கேளுங்களேன். காது தப்பே பண்ணாதா?"

"நாலு தடவை கேட்டேன். சந்தேகம் இருந்தா விட்டிருப்பேன். இல்லம்மா." பித்தானை இழுத்துப் பார்த்தார், உறுதியாக இருந்தது. "ஒண்ணு ரெண்டுன்னு உன் குரல்லயே எண்ணி ஆடு. அது எங்க கம்பெனியோடது இல்ல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு விருட்டென்று கிளம்பிவிட்டாள். ஆனால் மறுநாள் எண்ணிக்கொண்டே ஆடிய வீடியோ ஒன்றைப் போட்டாள். பார்த்தவர்கள் குறைவு. மாதக் கடைசியில் ஒன்பது பேர் தேறினார்கள். கூடம் கைமாறியது. ஞாயிறு காலை மட்டும் மாஸ்டர் அவளுக்கு விட்டுக்கொடுத்தார். ஒன்பது பேரில் ஆறு பேர் நின்றார்கள்.

நான்காவது மாதம் நிறுவனமும் செயலியும் கைகுலுக்கிக்கொண்டன. பாட்டுகள் திரும்பி வந்தன. இயந்திரம் அடைத்த வீடியோக்கள் தாமாகப் பேச ஆரம்பித்தன. ஆள் கேட்டு அடைத்தவை அப்படியே கிடந்தன. அவளுடையதும் அவற்றில் ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து அவள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த வீடியோ இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஊமையாத்தான்."

"இருக்கட்டும். சத்தத்தத்தான் நாலு தடவை கேட்டாச்சே. நீ ஆடறத ஒரு தடவை காட்டு."