பாதிப்பு இல்லாத கன்னியம்மா

எண்ணூர் உப்பளத்தில் கன்னியம்மாவைவிட வேகமாக உப்பு வாருகிறவர்கள் உண்டு. அவளைவிட வேகமாகப் பதில் சொல்கிறவர்கள் கிடையாது. மேஸ்திரி, "இன்னா, இவ்ளோ லேட்டு?" என்று அதட்டினால், "சூரியனே இப்பத்தான் வந்துகினு கீது, அத்தப் போய்க் கேளு" என்பாள். அவள் புருஷன் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுக்குக் கரி அள்ளப் போய், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்காக அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை. "கரித்துணி தோய்க்கிற வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் பாத்தியில் இறங்கிவிட்டாள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் வருஷக்கணக்காக மழை பொய்த்தது. பட்டணத்துக் குழாய்களில் தண்ணீருக்குப் பதில் காற்று சீறியது. மணலிப் பக்கம் நெல் பயிர் வைக்கோலாகவே முளைத்தது போல நின்றது. உப்பளத்தில் மட்டும் கொண்டாட்டம். மழை பெய்தால்தான் அங்கே வேலை நிற்கும். வழக்கமாக ஐப்பசியில் மூழ்கிப்போகிற பாத்திகள், அந்த வருஷங்களில் தை வரைக்கும் வெள்ளை வெளேரென்று விளைந்தன. கன்னியம்மா கெம்புக்கல் மூக்குத்தி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வறட்சிப் பாதிப்பைக் கணக்கெடுக்க தண்டபாணி என்ற ஆபீசர் வந்தார். கனத்த உடம்பு, கறுப்புக் குடை, கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். எதுவானாலும் சாப்பாட்டு வேளைக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கொள்கை. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுற்றுவட்டார ஜனம் முழுக்கத் திரண்டு வந்து அழுதது. மணலிக்காரர் ஒருவர் செத்துப்போன தன் எருமையைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார். அந்த எருமை மரத்துக்குப் பின்னால் அசைபோட்டபடி அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன தண்டபாணி, ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த கன்னியம்மாவைப் பார்த்தார்.

"நீ ஏம்மா அழல? வறட்சியால உனக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு இன்னா சார் கஷ்டம்? மழ இல்லாங்காட்டி வேல நிக்காம ஓடிகினு கீது. இன்னும் ரெண்டு வருசம் இப்டியே காஞ்சா மச்சு வூடே கட்டிருவேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்காத தண்டபாணியும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, 'உப்பளத் தொழிலாளர்: பாதிப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் நிவாரணத் தண்ணீர் வண்டி வந்தது. ஊரெல்லாம் நின்று நின்று போன மாடுகள், உப்பளக் குடிசைகள் வந்ததும் நிற்காமல் நடந்தன. பானையோடு ஓடிய பெண்களிடம் வண்டிக்காரன், "உங்களுக்குத்தான் ஒண்ணும் பாதிப்பு இல்லியாமே, ஆபீசரு சொன்னாரு" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினான்.

பக்கத்துக் குடிசை வியாகுலம்மாள் வெறும் பானையைக் கன்னியம்மா வாசலில் நங்கென்று வைத்தாள். "மச்சு வூடு கட்றியா? கட்டு. கலவைக்குத் தண்ணிக்கு எங்க போவியோ, பாக்கறேன். ஊத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல, கொயந்திங்களுக்கு வவுத்தால போவுது. உன் வாயிக்கு ஒரு பூட்டு போட்டா இன்னாடி?"

பதிலுக்குப் பதில் பேசுகிற கன்னியம்மா, குனிந்து அந்தப் பானையை எடுத்து வியாகுலம்மாள் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் திருவொற்றியூர் ஆபீசுக்குப் போய் நின்றாள்.

தண்டபாணி கையை விரித்தார். "நீதானேம்மா சொன்னே? ரிப்போர்ட் மேலே போயாச்சு. மறுபடி நேர்ல வந்து பாத்தாத்தான் மாத்தலாம். எனக்கு அதுக்கு ஏது நேரம்?"

கன்னியம்மா முந்தானை நுனியைத் திருகியபடி கொஞ்சம் யோசித்தாள். "பாக்கறதுக்கு வர வாணாம் சார். சாப்புட வாங்க. அன்னிக்கு அவ்ளோ சிரிச்சீங்களே, ஒரு வாய் சோறு போடாம அனுப்பிட்டமேன்னு மனசு கேக்கல. வஞ்சிரக் கருவாட்டுக் கொழம்பு."

தண்டபாணியின் பேனா நின்றது. அவர் மனைவி கருவாட்டை வாசற்படி தாண்டவிடாதவள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார்.

ஊர் திரும்பியதும் கன்னியம்மா நேரே ஸ்டேஷன் வாசலில் சோடாக் கடை வைத்திருந்த அலி அக்பரிடம் போனாள். "பாய், ஞாயித்துக்கிழம கடைய மூடிரு."

"நல்லா கீதே! அன்னிக்குத்தான் யாவாரமே."

"தண்ணி வண்டி நிக்கணுமா, வாணாமா?"

நல்ல தண்ணீர் இல்லாமல் அலி அக்பரின் சோடா மெஷின் பாதி நாள் சும்மாதான் கிடந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் தாடியைத் தடவியபடி, "மூடறேன். ஆனா வேடிக்க பாக்க வருவேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல உச்சி வெயிலில் தண்டபாணி வந்தார். குழம்பு, வறுத்த நெத்திலி, உப்பில் ஊறிய மாங்காய். முதல் கவளத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். "கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கு. ஆனா ருசின்னா இதுதாம்மா ருசி!" இரண்டாம் முறையும் குழம்பு வாங்கினார். கன்னியம்மாவும் வியாகுலம்மாளும் அதையேதான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு முகம்கூட மாறவில்லை.

இலையை மடித்ததும், "தண்ணி" என்றார்.

தேய்த்துத் தங்கமாக மின்னிய பித்தளைச் செம்பு வந்தது. ஒரு வாய் குடித்தவர் வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"என்னம்மா இது, கடல் தண்ணியா?"

"ஊத்துத் தண்ணிதான் சார். மழ இல்லாங்காட்டி கடலு உள்ள பூந்துகினு கீது. நாங்க இதத்தான் குடிக்கறோம்."

வாசலில் நின்ற அலி அக்பரைப் பார்த்ததும் தண்டபாணிக்கு உயிர் வந்தது. "பாய்! ஒரு சோடா!"

"தண்ணி வந்தா போடறேன் சார். எப்ப வரும்னு நீங்கதான சொல்லணும்?"

"நல்ல தண்ணி எங்கதான் கிடைக்கும்?"

"தெக்கால தோப்புக் கெணறு ஒண்ணு கீது, வாங்க" என்று கன்னியம்மா ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை அவர் கையில் கொடுத்தாள். "கொடம் இல்லாம போனா தோப்புக்காரன் தொரத்துவான் சார்."

ஒரு கையில் குடை, ஒரு தோளில் குடம். சூடேறிய உப்புத் தரை வழியாக ஆபீசர் நடந்தார். வழியெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த கன்னியம்மா, பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டாள். அவர் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, உதடு வெளுத்திருந்தது. ஆள் மயங்கி விழுந்துவைத்தால்? அவர் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடுமே? அவர் தோளிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டாள்.

கிணற்றடியில் நீண்ட வரிசை. தண்டபாணி முன்னால் போகப் பார்த்தார். "வரிசைல வா நைனா, நாங்க இன்னா பொம்மையா?" என்று ஒரு கிழவி குடையைப் பிடித்து இழுத்தாள். அவர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் இரண்டு கையையும் குவித்துக் குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது, நிரம்பிய குடம் ஒன்றை அவரே கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"உண்மையச் சொல்லு. குழம்புல எவ்வளவு உப்பு போட்டே?"

கன்னியம்மா தன் குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள். "பாதிப்பு இல்லாத அளவுக்குத்தான் சார்."

தண்டபாணி அவளையே முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். குடத்துத் தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. பின்னால் வந்த பெண்கள், "ஐயோ, தண்ணிய சிந்தாத! அறிவு கீதா உனக்கு?" என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

அவர் ரிப்போர்ட்டை மாற்றி எழுதினார். உப்பளத்தில் கூலி உண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று மேலே விளக்கினார். முதலில் ரயிலில் ஒரு டாங்கி வேகன் வந்தது. தண்ணீரில் துரு வாசனையும் கொஞ்சம் கிருஷ்ணாயில் வாசனையும் அடித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்தபடியாக, கடலிலிருந்து உள்தள்ளி ஒரு கிணறு வெட்ட உத்தரவானது. வெட்டுகிற வேலையை உப்பளத்து ஆட்களுக்கே கூலியோடு கொடுக்க வேண்டும் என்று கன்னியம்மா அடம்பிடித்து வாங்கினாள். கிணறு முடிவதற்குள் தண்டபாணிக்குச் சேலம் பக்கம் மாற்றலாகிவிட்டது.

ஒருவழியாக மழை வந்தது. உப்பளம் ஏரியானது. ஊரே ஆனந்தப்பட்டபோது, வேலை போன கன்னியம்மா மட்டும் கதவிடுக்கில் நின்று வானத்தை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அப்புறம் திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போனவள், உப்பளத்துக்குத் திரும்பவே இல்லை. அங்கே சேர்ந்த முதல் மாதமே, பெண்களுக்குக் குடிதண்ணீர்ப் பானை வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனாள். பானை உடனே வந்தது. மூடி வர ஒரு வருஷம் ஆயிற்று.